விமானம் கட்டிக் கற்பது: இளையோருக்கான ஒரு பட்டறை வழிகாட்டி

பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாணவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, அவர்கள் கையாலேயே விமானம் கட்டவைத்து, அதன் வழியாக இயற்பியலையும் பொறியியலையும் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் மூன்று படிகள் உண்டு. முதலில் பால்சா என்னும் மிக இலேசான மரத்தில் ஒரு கிளைடர் (இயந்திரமின்றிச் சறுக்கிப் பறக்கும் விமானம்), அடுத்து ரப்பர் முறுக்கில் பறக்கும் விமானம், இறுதியாக உண்மையான விமானங்களில் பயன்படும் அலுமினியத் தகட்டு வேலை. முதல் படிக்கே அதிக நேரம் கொடுங்கள். அடிப்படைகள் அனைத்தும் 20 கிராம் எடையுள்ள அந்தக் கிளைடரிலேயே இருக்கின்றன.

முதல் நாளிலிருந்து தளர்த்தாமல் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. விமானம் கையை விட்டுப் போவதற்கு முன், அது என்ன செய்யும் என்று மாணவர் தம் குறிப்பேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். “நேராகப் போய் 8 மீட்டரில் இறங்கும்”, “மூக்கு மேலே எழும்பி விழும்” என்று எதுவாகவும் இருக்கலாம். அது தவறாக இருப்பதில் குற்றமில்லை, எழுதாமல் எறிவதுதான் குற்றம். எழுதிய வரிக்கும் நடந்ததற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பார்த்து “ஏன்?” என்று கேட்கும் பழக்கத்தையே நாம் கற்பிக்கிறோம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நடப்பது கைவேலை மட்டுமே. அது மிக நல்ல கைவேலையாகக்கூட அமையலாம், ஆனால் அறிவியல் ஆகாது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. கூரிய வெட்டுக்கத்தி, இரும்பு அளவுகோல், வெட்டுவதற்கான பலகை, நயமான உப்புத்தாள், மர ஒட்டுப் பசை, குண்டூசிகள், மாதிரிக் களிமண், பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஆகியவை போதும். நொடியில் ஒட்டும் பசையைப் பெரியவர் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசமும், எறியும் இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். மழுங்கிய கத்தி கூரிய கத்தியைவிட ஆபத்தானது என்பதைத் தொடக்கத்திலேயே செய்து காட்டுங்கள். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கும், அழுத்திய கத்திதான் வழுக்கும்.

முதல் கிளைடர்

இறக்கைக்கு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பால்சாத் தகட்டில் 40 செ.மீ. நீளமும் 7.5 செ.மீ. அகலமும் கொண்ட துண்டு ஒன்றை வெட்ட வேண்டும். மரத்தின் இழை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். காரணத்தைச் சொல்லிவிடாமல், இழை குறுக்காக ஓடும் ஒரு துண்டையும் நீளவாக்கில் ஓடும் ஒரு துண்டையும் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கிழைத் துண்டு கையிலேயே முறியும், அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. உடலுக்கு 40 செ.மீ. நீளமும் 10 மி.மீ. உயரமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு குச்சி. வாலின் கிடைத்தகடு 1.5 மி.மீ. தடிமனில் 16 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். நிமிர்ந்து நிற்கும் தகட்டுக்கு 20 சதுர செ.மீ. அளவு போதும்.

இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டையாகவும் பின்விளிம்பை மெல்லியதாகவும் தேய்க்க வேண்டும். பிறகு இறக்கையை நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேசையில் தட்டையாகக் குத்தி நிறுத்தி, மறுபாதியின் நுனிக்கு அடியில் 6 செ.மீ. உயரமுள்ள கட்டை ஒன்றை வைத்து, நடுவில் ஒட்ட வேண்டும். இணைப்பு காய்ந்தபின் இறக்கையை உடலில் பொருத்தினால் இரு நுனிகளும் நடுப்பகுதியைவிடச் சுமார் 3 செ.மீ. உயர்ந்து நிற்கும். பறக்கும்போது விமானம் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமாகச் சறுக்கத் தொடங்கினால், தாழ்ந்த பக்கத்து இறக்கை காற்றைச் சற்று அதிகக் கோணத்தில் எதிர்கொண்டு அதிகத் தூக்குவிசை பெற்று, விமானத்தைத் தானாகவே நிமிர்த்தும். இதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுனிகள் உயராத தட்டை இறக்கை ஒன்றையும் செய்து வைத்திருங்கள். இரண்டையும் அடுத்தடுத்து எறிந்து பார்க்கும் மாணவர் காரணத்தைத் தாமே தேடத் தொடங்குவார்.

இறக்கையின் முன்விளிம்பை மூக்கிலிருந்து 12 செ.மீ. தள்ளி, அதற்கு அடியில் 3 மி.மீ. தடிமனுள்ள மரச்சீவல் ஒன்றை வைத்து ஒட்டுங்கள். இதனால் வாலைவிட இறக்கை இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமாக நிமிர்ந்திருக்கும். இறுதியாக, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2.5 செ.மீ. தள்ளி, இரு பக்கமும் விரல்நுனியில் தாங்கிப் பிடித்தால் விமானம் மட்டமாக நிற்கும் வரை மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 5 கிராம் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிட்ட பிறகே களிமண்ணைத் தொட அனுமதியுங்கள். ஒவ்வொரு பகுதியின் எடையையும் சமநிலைப் புள்ளியிலிருந்து அதற்குள்ள தூரத்தையும் பெருக்கிக் கூட்டும் இந்தக் கணக்கு, பள்ளியில் நெம்புகோல் பாடத்தில் படித்த அதே கணக்குதான். பாடநூலில் பார்த்தது தம் விமானத்தின் மூக்கில் பொருந்தி வருவதைக் காணும் மாணவரின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தப் பயிற்சியைக் கைவிடமாட்டார்கள்.

விமானவியலின் முன்னோடியான ஆங்கிலேயர் ஜார்ஜ் கேலி 1804-இல் செய்த மாதிரிக் கிளைடரும் ஏறக்குறைய இதே அமைப்புதான் என்பதை இந்த இடத்தில் சொல்லலாம். ஒரு கோல், அதன்மேல் பட்டம் போன்ற இறக்கை, கோணத்தை மாற்றக்கூடிய வால், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடை, இவ்வளவே. இரு நூற்றாண்டுகளுக்கு முன் அவர் திருத்திப் பார்த்த அதே இரண்டு அளவுகளை, வாலின் கோணத்தையும் எடையின் இடத்தையும், மாணவர்களும் திருத்திப் பார்க்கப் போகிறார்கள்.

எறிவதற்கு முன் ஒரு கணக்கு

தூக்குவிசை என்பது காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு, தூக்குக் குணகம் (இறக்கையின் வடிவமும் கோணமும் எவ்வளவு நன்றாகத் தூக்குகின்றன என்பதைக் காட்டும் எண்) ஆகிய நான்கின் பெருக்கல். சீராகச் சறுக்கும்போது இது விமானத்தின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். நம் கிளைடரின் நிறை 20 கிராம், எனவே எடை 0.196 நியூட்டன். பரப்பு 300 சதுர செ.மீ., அதாவது 0.03 சதுர மீட்டர். அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்றும் தூக்குக் குணகத்தை 0.6 என்றும் கொண்டால், வேகம் வினாடிக்குச் சுமார் 4.3 மீட்டர் என்று வரும். ஒருவர் நன்றாக ஓடும் வேகம் இது என்பதால், எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பது மாணவருக்கு உடனே கைப்பிடியில் வந்துவிடுகிறது. பெரும்பாலோர் முதல்முறை கல்லை எறிவது போல எறிவார்கள். கணக்கைப் போட்டவர்கள் அப்படிச் செய்வதில்லை.

காற்று வீசாத பெரிய கூடம் ஒன்றில், தோள் உயரத்திலிருந்து, மூக்கு சற்றே தாழ்ந்திருக்கும்படி தள்ளிவிட வேண்டும். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட விமானம் 9 மீட்டர் போய்த் தரை தொட்டால், ஒரு மீட்டர் இறங்க ஆறு மீட்டர் முன்னேறுகிறது என்று பொருள். இந்த விகிதமே அதன் தூக்குவிசைக்கும், காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம். ஓர் அளவுநாடாவைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு விசைகளின் விகிதத்தை ஒரு மாணவர் அளந்துவிட்டார் என்பதை நிறுத்தி, நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

விமானம் மூக்கைத் தூக்கி, வேகமிழந்து, விழுந்து, மறுபடி எழும்பி அலையலையாகப் போனால், அரை கிராம் களிமண் சேர்க்க வேண்டும். நேராகத் தரையை நோக்கிப் பாய்ந்தால் அதே அளவு எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதும், ஒவ்வோர் அமைப்பிலும் மூன்று முறையாவது எறிந்து சராசரி எடுக்க வேண்டும் என்பதும் இங்கேதான் பழக்கமாகின்றன.

இறக்கை ஏன் தூக்குகிறது என்ற கேள்வி இந்நேரம் எழுந்திருக்கும். மேற்பரப்பின் பாதை நீளமானது, மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும், அதனால் மேலே போவது வேகமாக ஓடுகிறது என்ற விளக்கம் பல வகுப்பறைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அது தவறு, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தூக்குவிசை தரும் இறக்கையில் மேலே போகும் காற்று உண்மையில் முன்னதாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. மாணவர் கையிலிருக்கும் கிளைடரின் இறக்கையோ ஏறத்தாழத் தட்டையான பலகை. மேலும் கீழும் பாதை ஒன்றுதான், ஆனாலும் பறக்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது, மேற்பரப்பில் அழுத்தம் குறைவாகவும் கீழ்ப்பரப்பில் அதிகமாகவும் இருக்கிறது என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும், அவர்கள் கண்டதோடு பொருந்தியும் வரும்.

இடப்பக்கமே திரும்பிய விமானம்

என்னிடம் பயின்ற ஒரு மாணவியின் கிளைடர் எப்படி எறிந்தாலும் இடப்பக்கம் சாய்ந்து சுவரில் மோதியது. அவர் வலது இறக்கை நுனியில் சிறிது களிமண் ஒட்டினார். அடுத்த எறிதலில் விமானம் நேராகப் போனது. அவர் மகிழ்ந்தார், நானும் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மூன்று முறை எறிய வேண்டும் என்ற விதி இருந்ததால் அவர் மீண்டும் எறிந்தார். சற்று வேகமாக எறிந்தபோது இடப்பக்கம் திரும்பியது, மெதுவாக எறிந்தபோது வலப்பக்கம் திரும்பியது. ஒரே விமானம், ஒரே களிமண். நான் எதுவும் சொல்லவில்லை. எறிந்த வேகங்களையும் திரும்பிய பக்கங்களையும் அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதி, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் கீழே எழுதினார்: “களிமண்ணின் எடை வேகத்தோடு மாறாது. இடப்பக்கம் சாய்க்கிற விசை வேகத்தோடு மாறுகிறது. அப்படியானால் அது எடை அல்ல, காற்று.”

விமானத்தைக் கண்மட்டத்தில் பிடித்து வாலின் பக்கமிருந்து பார்த்தபோது, இடது இறக்கையின் பின்விளிம்பு நுனியருகே ஏறத்தாழ 2 மி.மீ. மேல்நோக்கி முறுகியிருந்தது தெரிந்தது. பசையின் ஈரம் அதைக் கோணலாக்கியிருந்தது. முறுகிய இடத்தில் வாயால் மூச்சை ஊதி ஈரப்படுத்தி, எதிர்ப்பக்கம் மெல்ல முறுக்கிச் சில நிமிடங்கள் பிடித்திருந்தால் பால்சா அந்த வடிவத்துக்கு வந்துவிடும். அதைச் செய்து, களிமண்ணை எடுத்துவிட்டு எறிந்தபோது எல்லா வேகத்திலும் விமானம் நேராகப் பறந்தது. ஒரு கோளாறை மறைப்பதற்கும் நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாக எந்தப் பாடத்திலும் என்னால் கற்பித்திருக்க முடியாது. முதல் பார்வையிலேயே நான் அந்த முறுகலைக் கண்டு சரிசெய்து கொடுத்திருந்தால், அவருக்கு நன்றாகப் பறக்கும் ஒரு விமானம் மட்டுமே கிடைத்திருக்கும்.

ஆகவே ஆசிரியரின் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஆபத்து என்றால் மட்டுமே அது முன்னே வர வேண்டும். “என்ன மாற்றினாய்? என்ன எதிர்பார்த்தாய்? என்ன நடந்தது?” என்ற மூன்று கேள்விகளையும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கணக்கில் வந்த வேகமும் செல்பேசிக் காணொளியிலிருந்து அளந்த வேகமும் ஒத்துப்போகாமல் மாணவர்கள் சோர்ந்துபோகும் நாளில் ரைட் சகோதரர்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களுடைய 1901-ஆம் ஆண்டுக் கிளைடர், அன்றைய அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட்ட தூக்குவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தந்தது. அவர்கள் அட்டவணைகளை நம்புவதை நிறுத்திவிட்டு, காற்றைச் செலுத்தி இறக்கைகளைச் சோதிக்கும் சிறிய காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தாமே கட்டி, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்துப் புதிய அட்டவணைகளை உருவாக்கினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடி நீடித்த அந்த முதல் பறப்பு இந்த அளவீடுகளின்மேல் எழுந்தது. நம் கிளைடரின் கணக்கில் ஐயத்துக்குரியது 0.6 என்று நாம் கொண்ட குணகம். அளந்த வேகத்தை வைத்து அதைத் திருப்பிக் கணக்கிடச் சொல்லுங்கள்.

ரப்பர் முறுக்கு

அல்ஃபோன்ஸ் பெனோ 1871-இல், தம் 21-ஆம் வயதில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானத்தைப் பாரிசில் பலர் முன்னிலையில் 11 வினாடி பறக்கவிட்டார். மாணவர்களும் இப்போது அதையே செய்கிறார்கள். கிளைடரின் மூக்கில் புரொபெல்லர், வாலருகே கொக்கி, இடையில் ரப்பர் வளையம். எடையின் இடம் மாறிவிட்டதால் சமநிலைக் கணக்கை மீண்டும் போட வேண்டும்.

ரப்பரை அதன் நீளத்தைப் போல மூன்று மடங்கு இழுத்து நீட்டிய பிறகே முறுக்கத் தொடங்க வேண்டும். சுற்றுகள் ஏற ஏற மெல்ல முன்னே நடந்து வந்தால் முறுக்கு சீராக விழும். சிறிதளவு சிலிக்கோன் எண்ணெய் தடவினால் இழைகள் ஒன்றோடொன்று உரசி அறுவது குறையும். எனினும் ஒருநாள் அறும் என்பதால் கண்ணாடி அணியாமல் யாரும் முறுக்கக் கூடாது. 50, 100, 150 என்று சுற்றுகளை ஏற்றிப் பறந்த நேரத்தை வரைபடமாக்கச் சொல்லுங்கள். விட்ட நொடியில் முறுக்குவிசை மிக அதிகம், பிறகு சட்டென்று குறைந்து நெடுநேரம் ஏறத்தாழச் சமமாக நின்று, கடைசியில் ஓய்ந்துவிடும். அந்த முதல் சில நொடிகளில் விமானம் செங்குத்தாக எழப் பார்க்கும், புரொபெல்லர் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் உருளவும் பார்க்கும். புரொபெல்லரின் அச்சைக் காகிதச் சீவல் ஒன்றால் சற்றுக் கீழ்நோக்கியும், உருளும் பக்கத்துக்கு எதிராகவும் சாய்த்தால் அது அடங்கும். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதுவதை இந்தப் பறப்பு முடியும் வரை தள்ளிவைக்கலாம்.

எவ்வளவு தாங்கும்?

உடலுக்கு வெட்டிய அதே அளவுள்ள குச்சி ஒன்றின் ஒரு முனையை மேசையோரத்தில் இறுகப் பிடித்து, மறுமுனையில் சிறு எடை ஒன்றைத் தொங்கவிடச் சொல்லுங்கள். முதலில் தட்டையாகப் படுக்கவைத்து, பிறகு விளிம்பில் நிறுத்தி. வளைவை அளந்தால் நிறுத்திய குச்சி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வளைந்திருக்கும். மரம் ஒன்றே, எடையும் ஒன்றே. விறைப்பு அகலத்தோடு நேராகவும் உயரத்தின் மூன்றாம் அடுக்கோடும் கூடுகிறது என்பதை இந்த எண்ணிலிருந்தே அவர்களால் பெற முடியும். விமான இறக்கைக்குள் இருக்கும் முதன்மைச் சட்டம் ஏன் எப்போதும் நிமிர்ந்தே நிற்கிறது என்பது அதோடு விளங்கும்.

அடுத்ததை எந்தக் குழுவும் மறப்பதில்லை. விமானம் 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கை விமானத்தின் எடையைப் போல இரு மடங்கைச் சுமக்கிறது. சாதாரண வகைச் சிறு விமானங்களை 3.8 மடங்குச் சுமைக்கு வடிவமைப்பது நெடுங்கால மரபு. அந்தச் சுமையில் நிரந்தரக் கோணல் வரக் கூடாது. அதைப் போல ஒன்றரை மடங்கில் மூன்று வினாடிகளாவது முறியாமல் நிற்க வேண்டும். 20 கிராம் கிளைடருக்கு இவை 76 கிராமும் 114 கிராமும் ஆகும். இறக்கையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, நடுவில் மட்டும் தாங்கி, சிறு பொட்டலங்களில் மணலை இருபுறமும் சமமாகப் பரப்புங்கள். முழு அளவு விமானங்களின் இறக்கைகளையும் இப்படி மணல் மூட்டை ஏற்றிச் சோதிப்பதுண்டு. 114 கிராமைத் தாண்டிய பிறகும் நிறுத்தாமல், முறியும் வரை ஏற்றுங்கள். பெரும்பாலும் முறிவது மரமல்ல, நடுவில் ஒட்டிய இணைப்புதான். எங்கே முறியும் என்று முன்னதாக எழுதிவைத்தவர்களின் குறிப்பேடுகளை அப்போது திறந்து பாருங்கள்.

அலுமினியமும் ரிவெட்டும்

மனிதரைச் சுமக்கும் விமானம் ஒன்றை மாணவர்களைக் கொண்டு கட்டுவது சில ஆண்டுகள் எடுக்கக்கூடிய பெரும் பணி. அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டு, தகுதி பெற்ற ஆய்வாளரின் மேற்பார்வையில் மட்டுமே அதைத் தொடங்க வேண்டும். ஆனால் இரண்டு அலுமினியத் தகடுகளை ரிவெட் (துளையில் செருகி மறுமுனையை நசுக்கிப் பொருத்தும் சிறு உலோக ஆணி) அடித்து இணைக்க யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

3.2 மி.மீ. விட்டமுள்ள ரிவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து விட்டத்தைப் போல இரு மடங்காவது, அதாவது 6.4 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். துளையிட்டபின் ஓரத்தில் நிற்கும் பிசிறை நீக்க வேண்டும், இல்லையெனில் தகடுகள் ஒட்டி உட்காராது, விரிசலும் அங்கிருந்தே தொடங்கும். அடிப்பதற்கு முன் ரிவெட்டின் தண்டு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 4.8 மி.மீ., வெளியே நீள வேண்டும். அடித்து முடித்தபின் உருவாகும் தலை 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும். ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலைப் பிடிக்க, மற்றொருவர் மறுபக்கத்தில் கனத்த இரும்புக்கட்டையை அணைத்துப் பிடிக்கிறார். பெரும்பாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. “தயார்”, “அடி”, “நிறுத்து” என்ற சொற்களை முன்கூட்டியே முடிவுசெய்து, கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

அடித்த ரிவெட்டை அடித்தவரே சரிபார்க்கக் கூடாது. வேறொரு இணை வந்து அளந்து, குறிப்பேட்டில் கையெழுத்திட வேண்டும். சாய்ந்தோ மிகையாகத் தட்டையாகியோ போன ரிவெட்டைத் தலையின் நடுவில் துளையிட்டு, தலையை உடைத்து, தண்டை மெல்லத் தட்டி வெளியேற்ற வேண்டும். துளை பெரிதாகாமல் இதைச் செய்யக் கைப்பழக்கம் வேண்டும். அதனால் முதல் வாரத்திலேயே, நன்றாக அடிக்கப்பட்ட ரிவெட்டுகளிலும் சிலவற்றை எல்லோரையும் கொண்டு ஒருமுறை எடுக்கவைத்து, அதே துளைகளில் புதிதாக அடிக்கவையுங்கள்.